வலது முன் பக்கம்

நான்கு டாலர்.
தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது காசு கொடுத்தது. பார்த்தேன்.
முன்கிரில்லில் மூன்று பல் இல்லை.
பகலெல்லாம் டொலீடோ நகரத்துக்
கடைவாய்களுக்குத் தொப்பி செய்கிறவள் நான்.
மூன்று பல் ஒரு பொருட்டா.

அறுபத்துமூன்றாம் வருடத்துக் கூபே,
அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு,
சூப் டின் வந்த அட்டைப்பெட்டியில்
கவிழ்ந்து கிடந்தது.
டயர்கள் ஒரே இடத்தில் நின்று நின்று
சக்கர வளையத்தைத் தின்றிருந்தன.
ஓடாத வண்டிக்கும் தேய்மானம் உண்டு.
பசை போட்டவர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை,
அப்பத்துக்குப் பாகு ஊற்றுகிற கை.

இரண்டு இரவு உறைபெட்டியில்,
பட்டாணிக்கும் மீன்துண்டுக்கும் நடுவில்.
மூன்றாம் காலை நகத்தால் நெம்ப,
டிக்.
பம்பர் வந்தது. எஞ்சின் வந்தது.
உடம்பைப் பிரேக் திரவத்தில் ஊறப்போட்டேன்.
கறுப்பு முதலில் தோலுரிந்தது,
அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் தூரிகைத் தடத்தோடு ஒரு வெள்ளை,
எல்லாவற்றுக்கும் அடியில்
வார்க்கும்போதே வந்த சிவப்பு,
ஈறு மாதிரி.

வலது முன் மட்கார்டில் ஒரு குழி.
மெழுகுவத்தியோ கரண்டியோ,
சூடு பட்டு உள்வாங்கியது.
கவனக்குறைவு என்று முடிவு கட்டினேன்;
எத்தனை பிளாஸ்டர் தாடைகளில் பார்த்திருக்கிறேன் அதை.
புட்டி அப்பி,
நானூறாம் நம்பர், ஆயிரம், இரண்டாயிரம்,
காகிதம் மாற்றி மாற்றி நீரில் தேய்த்து,
கண்ணை மூடி விரல் ஓட்டினால்
ஒன்றுமே நடக்காத இடம்போல் ஆக்கினேன்.
எனக்கு நானே விசிலடித்துக்கொண்டேன்.

ஞாயிறு அடித்த வெள்ளை
புதனன்று ரோஸ்.
உள்ளே இருந்த சிவப்பு ஏறி வந்துவிட்டது.
அதை அடக்க நடுவில் வெள்ளி பூச வேண்டும்.
பூசினேன். மறுபடி வெள்ளை.
நின்றது.

அடித்தட்டு மட்டும் பாக்கி.
அதன் கறுப்பு தடிமன்.
குழாயடியில் பழைய பல்துலக்கியால்
தேய்க்கத் தேய்க்க எழுத்து வந்தது.
ஊசிக் கீறல், சாய்ந்து, ஒரு சொல் அடித்துத் திருத்தி:

நவம்பர் 9. வலது முன் பக்கம்.
என் தப்பில்லை.

குழாயை மூடினேன்.
மேசையில் காய்ந்துகொண்டிருந்த உடம்பின்
வலது முன் பக்கம்
பளபளத்தது.

பெட்டியை விற்ற திருமதி ஸ்டட்ஸ்மனை அழைத்தேன்.
நான் மார்னா ப்ரூபேக்கர், சனிக்கிழமை வந்தவள்,
அந்தக் கார் உங்கள் வீட்டில் யார் செய்தது?
"அதுவா? பெரிஸ்பர்கில் எவரோ காலிசெய்த வீட்டில்
என் கணவர் பெட்டியோடு வாங்கியது.
திறந்துகூடப் பார்க்கவில்லை.
ஏன், ஏதாவது உடைந்திருக்கிறதா?"
இல்லை என்றேன்.
உண்மை. அதுதான் பிரச்சினை.

இரவு பதினொன்றுக்கு
டீஸ்பூனை அடுப்பில் காட்டி
மட்கார்டுக்கு ஒரு விரல் தள்ளி நிறுத்தினேன்.
எவ்வளவு ஆழம்?
எதிரே வந்தது லாரியா, மரமா,
யாராவதா?
தெரியாமல் போட்டால்
அது என் விபத்து.
கரண்டி ஆறியது.
அதை வைத்தே காபி கலக்கினேன்.

இப்போது அலமாரியில்,
கண்ணாடி பதித்த பீடத்தின் மேல்.
வருகிறவர்கள் குனிந்து
எக்ஸாஸ்ட் குழாயைப் பாராட்டுகிறார்கள்.
அடித்தட்டில் கட்டைவிரல் அகலம்
பெயிண்ட் இல்லை.
எழுத்து இடவலம் மாறித் தெரிகிறது.
"கீழே என்ன கிறுக்கல்?
அதையும் தேய்த்திருக்கலாமே"
என்றான் மைத்துனன் லாயல்.

நானூறாம் நம்பர் தீர்ந்துவிட்டது
என்றேன்.